செக் ரிட்டர்ன் ஆகிவிட்டதா? குரூப்பில் கேட்கும் முன் இதைச் செய்யுங்கள்

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா, வங்கி கொடுத்த மெமோவோடு வந்தார். சீருடை தைத்த கூலிக்கு வாங்கிய செக், பணமில்லை என்று திரும்பியிருந்தது. வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டிருக்கிறார். "அவசரமே இல்லை, ஆறு மாசம் டைம் இருக்கு" என்று ஒருவர் சொல்ல, நம்பிக் காத்திருந்தார். மெமோ வந்து அன்றைக்கு 41-வது நாள். சொன்னவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்த மெமோவை அவர் பார்க்கவே இல்லை.

1. முதலில் தேதியைப் பாருங்கள். மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 138-இல் எல்லாமே நாள் கணக்குதான். செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள், பணத்தைக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கைக்குக் கிடைத்தவர் பணம் கட்ட 15 நாள். கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். புகார் தாமதமானால் தக்க காரணம் காட்டலாம்; நோட்டீஸ் தாமதத்துக்கு அந்த வழி கிடையாது. அக்காவின் செக்குக்கு மூன்று மாத ஆயுள் முடியவில்லை. அதனால் மறுபடி வங்கியில் போட்டு, புது மெமோ வாங்கி, புதிதாக நாள் எண்ண முடிந்தது.

2. படம் போடாதீர்கள். செக்கில் கணக்கு எண்ணும் கையெழுத்தும் இருக்கின்றன. அதோடு, "பாதிப் பணம் ரொக்கமா வாங்கிட்டேன்" என்று நீங்கள் எழுதும் ஒரு வரி எதிர்த்தரப்பின் கைக்குப் போகலாம். வக்கீலிடம் தொழில்முறையில் சொல்வதற்கு பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் பிரிவு 132 பாதுகாப்புத் தருகிறது. குரூப்பில் சொல்வதற்கு அது இல்லை.

3. இலவச வக்கீலைக் கேளுங்கள். 15100-க்கு போன் செய்யுங்கள், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் பிரிவு 12-படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. அக்காவுக்கு இதை யாருமே சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

4. பதில் சொல்பவர் நீங்களா? தேதி தெரியாமல் "பொறுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "மெமோ என்றைக்கு வந்தது?" என்று கேளுங்கள், 15100-ஐக் கொடுங்கள். நீங்கள் வக்கீலாகவே இருந்தாலும், கேட்பவர் உங்கள் கட்சிக்காரரின் எதிராளியாக இருக்கக்கூடும்.

போகும்போது அசல் செக், மெமோ, பில், அந்த ஆளோடு பேசிய மெசேஜ்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். போனிலிருந்து எதையும் அழிக்க வேண்டாம்.