பெட்ரோலை விட்டு விலக ஓர் ஊர் செய்ய வேண்டியவை: குடியிருப்போர் சங்கங்களுக்கும் வார்டு மக்களுக்கும் ஒரு வழிகாட்டி

பெட்ரோல், டீசல் வாகனங்களிலிருந்து விலகுவது என்றதும் பெரும்பாலோர் மின்சாரக் காரைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டின் நடுத்தர ஊர் ஒன்றில், காலை எட்டு மணிக்குத் தெருமுனையில் அரைமணி நேரம் நின்று பார்த்தால் வேறொன்று புலப்படும். அரைக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மளிகைக் கடைக்கும், ஒன்றரைக் கிலோமீட்டரில் இருக்கும் பள்ளிக்கும், அதற்குச் சற்று அப்பாலுள்ள பேருந்து நிலையத்துக்கும் ஸ்கூட்டர்கள் ஓயாமல் போய்வந்துகொண்டிருக்கும். இந்தக் குறும்பயணங்களைத்தான் முதலில் கையிலெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இவற்றைக் குறைக்கப் பெரும் முதலீடு தேவையில்லை. தெருவில் இருப்பவர்கள் ஒன்றுகூடினாலே போதும்.

கூடியதும் செய்ய வேண்டிய முதல் வேலை கணக்கெடுப்பு. விருப்பமுள்ள ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாரத்துக்கு ஒரு குறிப்பேடு வைத்து, யார், எங்கே, எத்தனை கிலோமீட்டர், எந்த வாகனத்தில், எத்தனை பேராகப் போனார்கள் என்பதை அன்றன்றைக்கே எழுதச் சொல்லுங்கள். கூடவே அந்த மாதம் பெட்ரோலுக்கு எவ்வளவு செலவானது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. இருநூறு வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பில் வீட்டுக்கு மாதம் பத்து லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 2,000 லிட்டர் பெட்ரோலும் 4,600 கிலோ கரியமில வாயுவும் ஆகிறது. இப்படி நம் தெருவின் கணக்கு நம் கையிலேயே இருந்தால்தான் நகராட்சியிலும் போக்குவரத்துக் கழகப் பணிமனையிலும் நம் பேச்சு எடுபடும்.

குறும்பயணங்களைக் குறைக்க வேண்டுமானால் நடக்க இடம் வேண்டும். நடைபாதையில் தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று சாலை அமைப்புக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் நெறிமுறை சொல்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அளவு நாடாவுடன் பள்ளி வரையிலும் சந்தை வரையிலும் நடந்து, எங்கே மின்மாற்றி மறிக்கிறது, எங்கே சாக்கடை மூடி உடைந்திருக்கிறது, எங்கே கார்கள் ஏறி நிற்கின்றன என்பதைப் படத்துடன் குறித்துக்கொள்ளுங்கள். நகரமானால் அந்தப் பட்டியலை, வார்டுக்குள் பகுதிவாரியாக மக்களைக் கூட்டி நடத்தும் பகுதி சபைக் கூட்டத்தில் கொடுக்கலாம். சிற்றூரானால் கிராம சபையில் தீர்மானமாகவே கொண்டுவரலாம். சாலையோர வியாபாரிகளை அகற்றச் சொல்லி மட்டும் மனுக் கொடுத்துவிடாதீர்கள். வாசலுக்கு வரும் தள்ளுவண்டிக் காய்கறிக்காரர் ஒருவர் ஒரு தெருவின் பத்து ஸ்கூட்டர் பயணங்களையாவது மிச்சப்படுத்துகிறார். நடைபாதையை மறிக்காத இடத்தை அவருக்கு ஒதுக்கித் தர, 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழு இருக்கிறது.

பள்ளிப் பயணம் தனிக் கவனத்துக்கு உரியது, ஏனெனில் ஒரு குழந்தையைப் பள்ளியில் கொண்டுபோய் விடவும் திரும்ப அழைத்துவரவும் பெற்றோர் நாளுக்கு நான்கு முறை அதே வழியில் வண்டி ஓட்டுகிறார்கள். ஜப்பானில் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் அக்கம்பக்கத்தாரோடு குழுவாகச் சேர்ந்து நடந்தே பள்ளிக்குப் போகும் வழக்கம் உண்டு. நம் தெருவிலும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைச் சேர்த்து, முறைவைத்து இரண்டு பெரியவர்கள் கூட நடந்தால் போதும். ஓய்வுபெற்ற தாத்தா பாட்டிகள் இதற்கு மனமுவந்து வருவார்கள். பெரிய சாலையைக் கடக்கும் இடத்தில் மட்டும் போக்குவரத்துக் காவலர் நிற்கக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அந்த ஒரு ஏற்பாடு இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம்.

மூன்று நான்கு கிலோமீட்டர் என்றால் சைக்கிள். இதில் நமக்கு வெளியூர் முன்னுதாரணம் எதுவும் வேண்டியதில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. கல்குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிப் பெண்களும் அங்கன்வாடி ஊழியர்களுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டப் பழகினார்கள். பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காதபோது ஆண்களின் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்க வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த முறைதான்: பலர் சேர்ந்து, ஒரு மைதானத்தில், வெட்கம் விலகும்படி பழகினார்கள். உங்கள் பகுதியிலும் வார இறுதி மாலைகளில் பள்ளி மைதானத்தைக் கேட்டு வாங்கி, நாற்பது வயதைக் கடந்த பெண்களையும் அழைத்துப் பயிற்சி கொடுங்கள். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லாச் சைக்கிள் எத்தனையோ வீடுகளின் மாடிப்படிக்கடியில் துருப்பிடித்துக் கிடக்கிறது. ஒரு சைக்கிள் கடைக்காரரை ஒருநாள் தெருவுக்கு அழைத்து, டியூப், பிரேக் கட்டை, செயின் மாற்றச் செய்தால் புதுச் சைக்கிள் வாங்கும் செலவே பலருக்கு இருக்காது.

அதற்கு மேற்பட்ட தொலைவுக்குப் பேருந்தை விட்டால் வேறு வழியில்லை, அது இன்னமும் டீசலில் ஓடினாலும்கூட. ஐம்பது பேர் ஏறிய ஒரு பேருந்து நாற்பது ஸ்கூட்டர்களுக்கு ஈடு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யும் திட்டம் 2021 மே மாதம் முதல் நடப்பில் இருப்பதால், பேருந்து நேரத்துக்கு வந்தாலே ஒரு வீட்டின் செலவு கணிசமாகக் குறைந்துவிடும். சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2025 ஜூன் மாதத்தில் 120 மின்சாரப் பேருந்துகளை ஓட்டத் தொடங்கியது. மற்ற ஊர்களிலும் அதைக் கேட்கும் குரல் எழ வேண்டும்.

பேருந்து கேட்டு மனு எழுதும்போது ‘எங்கள் பகுதிக்குப் பேருந்து வசதி வேண்டும்’ என்று பொதுவாக எழுதுவதில் பயனில்லை. உங்கள் கணக்கெடுப்பிலிருந்து, காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள் எத்தனை பேர் எங்கே போகிறார்கள், மாலையில் எப்போது திரும்புகிறார்கள், இப்போதுள்ள எந்தத் தடத்தை எத்தனை கிலோமீட்டர் நீட்டினால் போதும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, பணிமனையின் கிளை மேலாளரிடம் நேரில் கொடுங்கள். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதே தாளைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பேருந்து வந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. முதல் சில மாதங்களில் ஆள் ஏறாத தடம் நிறுத்தப்படும் ஆபத்து எப்போதும் உண்டு. ஆகவே வண்டி நேரத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவதும், கடைகளில் எழுதி ஒட்டுவதும், வாரத்தில் இரண்டு நாளாவது எல்லாரும் அதில் ஏறுவதென்று பேசி முடிவெடுப்பதும் சங்கத்தின் பொறுப்பாக இருக்கட்டும்.

இவையெல்லாம் போக மிஞ்சும் பயணங்களுக்கு மின்சார வாகனம். அதிலும் வீட்டுக் காரை விட ஆட்டோ ஸ்டாண்டுக்கே முதலிடம் கொடுக்க வேண்டும். வாரத்துக்கு நாற்பது கிலோமீட்டர் ஓடும் காரை மாற்றுவதற்கும், நாளுக்கு நூறு கிலோமீட்டர் ஓடும் ஆட்டோவை மாற்றுவதற்கும் உள்ள வேறுபாடு சொல்லாமலே விளங்கும். நூறு கிலோமீட்டருக்குப் பெட்ரோல் ஆட்டோ மூன்று நான்கு லிட்டர் குடிக்கும். மின்சார ஆட்டோவுக்கு 7 முதல் 9 யூனிட் போதும். ஓட்டுநரைத் தடுப்பவை முன்பணமும், மதிய நேரத்தில் சார்ஜ் போட இடமில்லாமையும்தான். சமுதாயக் கூடத்திலோ, கோயில் நிறுத்துமிடத்திலோ, குடியிருப்பின் பொது இடத்திலோ சப் மீட்டருடன் நான்கைந்து சார்ஜிங் முனைகள் அமைத்து, அதன் பயன்பாட்டில் ஸ்டாண்டு ஓட்டுநர்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். தின வட்டிக்காரரிடம் போகாமல் கூட்டுறவு வங்கியில் கடன் கேட்க, சங்கத்தின் பெயரில் ஒரு பரிந்துரைக் கடிதமும் எழுதிக் கொடுங்கள்.

சார்ஜிங் முனை அமைக்கும்போது பாதுகாப்பில் சிக்கனம் கூடாது. அனுமதிக்கப்பட்ட மின்சுமை போதுமா என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு தனி ஒயர், முறையான எர்த், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் தானே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஆகியவற்றைப் போட்டுத்தான் இணைக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஜன்னல் வழியே இழுத்து இரவெல்லாம் சார்ஜ் போடுவதையும், மாடிப்படியின் கீழோ வெளியேறும் வழியிலோ வண்டியை நிறுத்தி சார்ஜ் போடுவதையும் குடியிருப்பு விதியாகவே தடைசெய்யுங்கள்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியையும் ஒதுக்கிவிட முடியாது. ஆரல்வாய்மொழி முதல் பல்லடம் வரை மே தொடங்கிச் செப்டம்பர் வரை சுழலும் காற்றாலைகள் தமிழ்நாட்டுக்குப் பெரும் கொடை. ஆனால் காற்று ஓய்ந்த மாதங்களின் இரவு நேரத்தில் நிலக்கரியும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும்தான் பெரும்பாலும் கைகொடுக்கின்றன. அதனால் முடிந்தவரை பகலில், வெயில் இருக்கும்போது சார்ஜ் போடும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், குடியிருப்போர் நலச் சங்கங்கள் பொதுப் பயன்பாட்டுக்காக மாடியில் அமைக்கும் சூரியத் தகடுகளுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. மின்வாகன சார்ஜிங்கும் அந்தப் பொதுப் பயன்பாட்டில் அடங்கும். பதிவு பெற்ற சங்கம், பொது மின்இணைப்பு எண், பொதுக்குழுத் தீர்மானம் ஆகியவற்றை முதலில் தயார்செய்துகொண்டு விண்ணப்பியுங்கள்.