இரண்டு நூல் கணக்கு: வெளிநாட்டுக் க்வில்ட் சங்கத்தில் சேரப்போகும் நீலகிரிக்காரர்களுக்கு

குன்னூர், கோத்தகிரி, உதகைப் பக்கத்திலிருந்து கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் குடிபோகிறவர்களில் தையல் தெரிந்தவர்கள் நிறைய. போய்ச் சேர்ந்த முதல் பனிக்காலத்தில் பேச ஆளில்லாமல் வீட்டுக்குள் அடைந்து கிடப்பவர்களும் பெரும்பாலும் அவர்களே. அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இந்தக் குறிப்பு. அந்த ஊர் நூலகத்திலோ துணிக்கடையிலோ ‘க்வில்ட் கில்ட்’, அதாவது க்வில்ட் தைப்பவர்களின் சங்கம், எங்கே கூடுகிறது என்று கேளுங்கள். துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்து மேல்துணி செய்து, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு துணி என்று மூன்றடுக்காகத் தைத்த போர்வைதான் க்வில்ட். நம் ரஜாய்க்கு ஒன்றுவிட்ட தங்கை.

சங்கம் வழக்கமாக மாதம் ஒருமுறை சர்ச் ஹாலிலோ சமூகக் கூடத்திலோ கூடும். பல இடங்களில் செப்டம்பரில் தொடங்கி ஜூனில் முடித்துவிடுவார்கள். ஜூலையில் போனால் பூட்டிய கதவுதான். முதல் ஒன்றிரண்டு கூட்டங்களுக்கு விருந்தாளியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருடச் சந்தா கட்டினால் போதும்.

அங்கே ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை. கால் இன்ச் தடுமாறக் கூடாது.

நம் ஊர் டெய்லரும் ஆசாரியும் சொல்கிற கணக்கில் ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல். க்வில்ட் தையலுக்கு ஓரத்திலிருந்து விடும் இடம் இரண்டு நூல், அதாவது கால் இன்ச். எல்லாத் தையலுக்கும் அதேதான். ரவிக்கை தைத்துப் பழகிய கைக்கு இதுதான் முதல் சிக்கல். பின்னால் பிரித்து லூஸ் பண்ண வேண்டுமே என்று உள்ளே தாராளமாகத் துணி விடுவது நம் பழக்கம். இங்கே அந்தத் தாராளம் காரியத்தைக் கெடுக்கும்.

ஏன் என்று பாருங்கள். 4½ இன்ச் சதுரம் ஒன்பதை மூன்று மூன்றாகச் சேர்த்தால் 12½ இன்ச் ‘பிளாக்’ வரும். அதை மற்றப் பிளாக்குகளோடு தைத்து முடித்தபின் கண்ணுக்குத் தெரிவது 12 இன்ச். நீங்கள் ஒவ்வொரு தையலிலும் அரை நூல் அதிகமாக உள்ளே போனால், இரண்டு துண்டும் அரை அரை நூல் இழக்கும். தையலுக்கு ஒரு நூல் நஷ்டம். வரிசைக்கு இரண்டு தையல், ஆகவே பிளாக் 12¼ இன்ச்தான் வரும். அப்படி நாலு பிளாக்கை நீளவாக்கில் சேர்த்தால் ஒரு இன்ச் குறைவு. தனியாகத் தைத்த போர்வை என்றால் யாருக்கும் தெரியாது. சங்கத்தின் கூட்டுப் போர்வையில் பன்னிரண்டு பேர் தைத்த பன்னிரண்டு பிளாக் சேர வேண்டும். ஒன்று சிறுத்தால் சேர்ப்பவர் அதை இழுத்துத் தைப்பார், போர்வை நடுவில் உப்பும்.

புறப்படும் முன் வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம், மிதி மிஷினே போதும். அழுத்துக் கட்டையின் (பிரஷர் ஃபுட்) வலது ஓரத்தை நம்பாதீர்கள், அது பெரும்பாலும் கால் இன்ச்சாக இருக்காது. ஊசியிலிருந்து ஸ்கேல் வைத்து அளந்து, தகட்டின்மேல் ஒரு டேப் ஒட்டி, துணியின் ஓரம் அதை உரசியபடியே போக வேண்டும். சோதனைக்கு 1½ இன்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டித் தையுங்கள். அயர்ன் பண்ணியபின் நடுப்பட்டை சரியாக ஒரு இன்ச், மொத்தம் 3½ இன்ச். குறைந்தால் டேப்பை ஊசிப் பக்கம் ஒரு மயிரிழை நகர்த்துங்கள். மடிப்பிலும் ஒரு இழை துணி போய்விடும் என்பதால், அனுபவசாலிகள் கால் இன்ச்சுக்கு இம்மி குறைவாகவே தைப்பார்கள். அயர்ன் பாக்ஸைத் தேய்த்து இழுக்காமல் தூக்கித் தூக்கி வைத்து அழுத்த வேண்டும். தேய்த்தால் குறுக்குவாட்டில் துணி நீண்டு சதுரம் சாய்சதுரமாகும். தையல் ஓரத்தை அடர்நிறப் பக்கம் சாய்த்து அழுத்தினால் வெளிர்துணி வழியே நிழல் தெரியாது.

மிஷினைக் கொண்டுபோக வேண்டாம். நம் மின்சாரம் 230 வோல்ட், அங்கே 120. நம் மோட்டார் முனகும், சரியாக ஓடாது. வேறு வாங்கிக்கொள்பவர்கள் பழைய மிஷினை விற்பது பல சங்கங்களிலும் நடப்பதுதான், காத்திருங்கள். வட்டக் கத்தி (45 மில்லிமீட்டர் போதும்), வெட்டுப் பாய், 6-க்கு 24 இன்ச் ஸ்கேல் மூன்றும் அங்கேயே வாங்கலாம். கத்தியை எப்போதும் உடம்பிலிருந்து வெளிப்பக்கம் தள்ளி வெட்டுங்கள். மேஜையில் வைக்கும் ஒவ்வொரு முறையும் மூடி வையுங்கள். இதை மறந்தவரைச் சங்கத்தில் உடனே கண்டிப்பார்கள், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

துணி கொண்டுபோகலாம். ஆனால் எந்தத் துணி என்பதில் கவனம் வேண்டும். கூட்டுப் போர்வைக்கு நூறு சதவீதப் பருத்தி மட்டும். பாலியெஸ்டர் கலந்த கட் பீஸ், பட்டுப்புடவை ஓரம், ஜரிகை எல்லாம் சொந்தப் போர்வைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுங்குடி, பாதிக், அடர்சிவப்பு, கருநீலம் ஆகியவற்றைச் சாயம் போகிறதா என்று பார்க்காமல் சேர்க்கவே கூடாது. கை அளவு துண்டைச் சுடுதண்ணீரில் ஒரு சொட்டு சோப்புடன் அரைமணி ஊறவையுங்கள்; பிறகு ஈரத்தோடு வெள்ளைத் துணிமேல் வைத்துக் காயவிடுங்கள். வெள்ளையில் துளி நிறம் பட்டாலும் அந்தத் துணி வேண்டாம். ஒருவருடைய சிவப்பு பதினொரு பேருடைய வெள்ளையைக் கெடுக்கும்.

அடுத்தது வாசனை. கனடாவில் பல கூடங்களில் ‘வாசனை கூடாது’ என்று எழுதியே போட்டிருப்பார்கள். சிலருக்கு மூச்சுத்திணறல் வரும். மழைக்காலத்தில் பூஞ்சை வாடை வராமலிருக்க நம் பீரோவில் போடும் அந்துருண்டையும் துணியில் தெளிக்கும் நீலகிரித் தைலமும் நமக்கு வீட்டு வாசனை, அங்கே புகார். கொண்டுபோன துணியை வாசனையில்லாத சோப்பில் இரண்டு முறை துவைத்து, வெயிலில் காயவைத்த பிறகே பையில் எடுத்துப் போங்கள். அப்படித் துவைத்தால் சுருங்க வேண்டியதும் முன்பே சுருங்கிவிடும்.

தோடர் பூவேலையைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். வெள்ளைப் பருத்தியில் இழை எண்ணிச் சிவப்பும் கறுப்பும் போடும் அந்த வேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கூட்டத்தில் அவரவர் கொண்டுவந்ததைக் காட்டி அதைப் பற்றிச் சொல்லும் ‘காட்டிப் பேசும்’ நேரத்தில் எடுத்துக் காட்டுங்கள். செய்தவர்கள் தோடர் பெண்கள் என்று சொல்லியே காட்டுங்கள். தோடர்கள் போர்த்தும் பூவேலைச் சால்வையான பூத்துக்குளியை வெட்டிப் பிளாக் ஆக்கும் எண்ணம் மட்டும் வேண்டாம்.

அந்தக் காட்டிப் பேசும் பகுதிக்கு ஒரு மரியாதை உண்டு. மாதிரி யாருடையது, மேல்துணி தைத்தது யார், மூன்றடுக்கையும் சேர்த்துத் தைத்தது யார் என்று மூன்றையும் சொல்ல வேண்டும். மூன்றடுக்கையும் சேர்த்துத் தைப்பதற்கென்றே உள்ள பெரிய மிஷினில் இன்னொருவர் தைத்துக் கொடுத்ததை மறைத்தால் மதிப்புப் போய்விடும். காசு கொடுத்து வாங்கிய மாதிரித்தாளை போனில் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள், அது பதிப்புரிமைச் சங்கதி. எழுபத்தைந்து வயதுப் பாட்டியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நமக்கு நாக்கு கூசும். ‘மேடம்’ என்றால் அவர்களுக்குக் கூசும்.

சேர்ந்த உடனே கையில் வருவது பெரும்பாலும் மருத்துவமனைக்கோ குழந்தைகளுக்கோ கொடுக்கும் தானப் போர்வைதான். வெட்டிய துணியும் குறிப்பும் ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கும். ஒருவர் தைப்பார், இன்னொருவர் மூன்றடுக்காக்குவார், மூன்றாமவர் ஓரம் கட்டுவார். 36-க்கு 48 இன்ச் போர்வையை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள்: பன்னிரண்டு பிளாக். வீட்டு மிஷினில் தைக்க அடித்துணி நாலு பக்கமும் 3 இன்ச் அதிகம், 42-க்கு 54. ஒன்றரை கெஜத்தில் ஒரே துண்டாகக் கிடைத்துவிடும். பெரிய மிஷின்காரர் பக்கத்துக்கு 4 இன்ச் கேட்டால் 44-க்கு 56 ஆகும். கரையை வெட்டியபின் துணி அவ்வளவு அகலம் வராது. கேட்காமல் வாங்கிவிட்டு ஒட்டுப்போடுவதுதான் புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. ஓரப்பட்டைக்குச் சுற்றளவு 168, மூலைக்கும் இணைப்புக்கும் பத்து, ஆக 178 இன்ச். 2½ இன்ச் அகலத்தில் ஐந்து பட்டை வெட்ட வேண்டும்; நாலு போதாது. குழந்தைப் போர்வையில் பொத்தான், மணி, கண்ணாடி எதுவும் கூடாது.

சேர்ந்து தைக்கும் நாளுக்குப் போகும்போது மிஷின், நீட்டிப்பு வயர், பெயரட்டை எடுத்துப் போங்கள். அயர்ன் பாக்ஸ் வேண்டாம். நாலு பேர் செருகினால் கூடத்தின் ஃபியூஸ் போய்விடும், அதனால் அயர்னுக்குத் தனி மேஜை இருக்கும். முறுக்கும் வடையும் எல்லோருக்கும் பிடிக்கும், ஆனால் துணி மேஜைப் பக்கம் கொண்டுவராதீர்கள். முந்திரி போட்டிருந்தால் சீட்டில் எழுதி வையுங்கள். கண்காட்சி வந்தால் வெள்ளைக் கையுறை வேலைக்குப் பெயர் கொடுங்கள். பார்க்க வருபவர்கள் போர்வையைத் தொடக்கூடாது. கையுறை போட்டவர்தான் பின்பக்கம் திருப்பிக் காட்டுவார். மூன்று மணி நேரத்தில் நூறு பேரிடம் ஒரே நாலு வாக்கியம் பேசுவீர்கள், வாய்க்கு அதைவிடப் பயிற்சி இல்லை.

தானப் பையை எடுத்துப்போய்த் தைக்க நேரமில்லாமல் போனால் அப்படியே திருப்பிக் கொடுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆறு மாதம் வீட்டில் வைத்திருந்தால்தான் கேட்பார்கள், அடுத்தவர் ஓரம் கட்டக் காத்திருக்கிறார்.