நியூசிலாந்தில் முதல் மோட்டர்ஹோம் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஜனவரியில் என் அண்ணன் மகன் கோவையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார். கிறைஸ்ட்சர்ச்சில் ஆறு பேர் படுக்கும் மோட்டர்ஹோம் (படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்து, பத்து நாள் தெற்குத் தீவைச் சுற்றுவதாகத் திட்டம். கிளம்பிய இரண்டாம் நாள் மத்தியானம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வண்டியின் முன்பக்க மேல்மூலை, கடித்து வைத்த முறுக்கு மாதிரி இருந்தது. கீழே ஒரு வரி: "சித்தப்பா, ஃபுல் இன்சூரன்ஸ் எடுத்திருக்கேன், பிரச்சினை இல்லைல்ல?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அவன் மேல் பாதி, 2014-இல் இதே மூலையை உடைத்த என் மேல் பாதி. அதற்கப்புறம் ஏழெட்டுத் தடவை மோட்டர்ஹோமில் போய் வந்துவிட்டேன். வருகிற சொந்தக்காரர்கள், நண்பர்களுக்கெல்லாம் வழி சொல்லி அனுப்புவதும் நான்தான். எல்லாரும் நான் செய்த அதே தவறுகளை, அதே வரிசையில் செய்கிறார்கள்.

பெல்ட் போடு, தூக்கம் வந்தால் நிறுத்து என்பதெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பது நமக்கு வசதி. ஆனால் அந்த வசதியாலேயே, ஏறி உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் "நம்ம ரோடு மாதிரிதான்" என்று மனசு அசந்துவிடும். மற்றது எல்லாம் அதற்குப் பிறகு வருவதுதான்.

தலைக்கு மேல் இருக்கும் வண்டியை மறப்பது

இங்கே சாதாரணக் கார் லைசென்ஸை வைத்து 6,000 கிலோ வரையுள்ள வண்டியை ஓட்டலாம். அதனால் ஓட்டுகிறவருக்கும் அது கொஞ்சம் பெரிய கார் என்றே நினைப்பு. ஆறு பேர் வண்டி சுமார் ஏழு மீட்டர் நீளம், மூன்றே கால் மீட்டர் உயரம். டிரைவர் தலைக்கு மேலே ஒரு படுக்கை முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். உள்ளே உட்கார்ந்தால் அது கண்ணுக்கே தெரியாது. நீளத்தைப் பற்றி எல்லாரும் பயப்படுகிறார்கள், ரிவர்ஸ் எடுக்கும்போது மூன்று பேர் இறங்கி நிற்கிறார்கள். உயரத்துக்கு யாரும் இறங்குவதில்லை.

பாலம் இடிக்கும் என்று நினைக்காதீர்கள். பாலத்தில் உயரம் எழுதிப் போட்டிருப்பான். இடிப்பது கடைத் தாழ்வாரம்.

இந்த நாட்டுச் சிற்றூர்களின் கடைத்தெருவைப் பார்த்தால் புரியும். வரிசையாகப் பழைய கடைகள். வெயிலுக்கும் மழைக்கும் நடைபாதை முழுவதையும் மூடி, ரோட்டின் விளிம்பு வரை நீண்டிருக்கும் கூரைகள். நம் ஊர்க் கடை சன்ஷேடு மாதிரிதான், ஆனால் இரண்டு மடங்கு அகலம். கார் போய் ஒட்டி நின்றால் ஒன்றும் ஆகாது, கார் அதற்குக் கீழே அடங்கிவிடும். மோட்டர்ஹோமின் உச்சியோ சரியாக அந்தக் கூரையின் விளிம்பு உயரத்தில் இருக்கிறது.

இதில் இன்னொரு சூட்சுமம். மழைத்தண்ணீர் வடிவதற்காக ரோடு நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்கும். ஓரத்தில் நிறுத்தினால் வண்டி நடைபாதைப் பக்கம் சாயும். மூன்று பாகை சாய்ந்தாலே போதும், 3.2 மீட்டர் உயரத்தில் உச்சி 16, 17 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். கீழே டயருக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கும், மேலே இடித்துக்கொண்டிருக்கும். அதுவும் இடது மேல்மூலை. வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு எந்தக் கண்ணாடியிலும் தெரியாத மூலை அது.

2014-இல் டெக்கப்போ ஏரிக்குப் போகும் வழியில் ஒரு சிற்றூரில் காபி குடிக்க நிறுத்தினேன். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா பின்னால் உட்கார்ந்திருந்தார். மனைவி கீழே இறங்கி, இடது பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு, "வாங்க, வாங்க, இன்னும் வரலாம், நிறைய இடம் இருக்கு" என்றாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, கீழே நிறைய இடம் இருந்தது. அப்பளக் கட்டை யாரோ இரண்டு கையாலும் நொறுக்கினது மாதிரி ஒரு சத்தம். அம்மா உள்ளேயிருந்து, "என்னடா, எதையாவது கீழே போட்டுட்டியா?" என்றார்.

உடைந்தது ஒரு மூலைதான், உள்ளங்கை அகலம். ஆனால் அது ஃபைபர்கிளாஸ். முன்பக்கத் தொப்பி முழுவதும் ஒரே வார்ப்பு. விரிசல் வழியாக மழைத்தண்ணீர் இறங்கினால் உள்ளே மரச்சட்டம் ஊறிப்போகும் என்பதால் ஒட்டுப்போட்டுத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் பில் 3,400 டாலர். நானும் "முழு இன்சூரன்ஸ்" எடுத்தவன்தான். விபத்தானால் கையிலிருந்து ஒரு டாலரும் தர வேண்டாம் என்ற திட்டம், நாளுக்கு இவ்வளவு என்று தனியாகக் கட்டியிருந்தேன்.

எரிச்சல் இதில்தான் எனக்கு. கவுண்டரில் "முழு" என்ற சொல்லைக் கேட்டதும் நாம் காதை மூடிக்கொள்கிறோம். பல வாடகை ஒப்பந்தங்களில் இரண்டு சேதங்கள் தனியாக விலக்கி வைக்கப்பட்டிருக்கும்: வண்டியின் மேல்பகுதி, வண்டியின் அடிப்பகுதி. வேறொரு கார் வந்து மோதினால் இன்சூரன்ஸ் உண்டு, நீங்களே போய்க் கூரையில் மோதினால் கிடையாது. சில இடங்களில் இதையும் சேர்த்த திட்டம் வைத்திருக்கிறார்கள், ஆனால் கேட்டால்தான் சொல்வார்கள். இருபது மணி நேரம் விமானத்தில் வந்து, பிள்ளைகள் அழ, பெட்டிகளோடு கவுண்டரில் நிற்பவன் பதினோராம் பக்கத்தைப் படிப்பானா? நான் படிக்கவில்லை. அண்ணன் மகனும் படிக்கவில்லை, நான் போனில் அத்தனை தடவை சொல்லியும்.

அவன் இடித்தது வேறு மாதிரி. கடைத்தெருவில் சாய்வாக, மூக்கை உள்ளே விட்டு நிறுத்தும் இடம். முன்சக்கரம் பிளாட்பாரத்தில் முட்டும்வரை போனான். சக்கரத்துக்கு முன்னால் வண்டியின் மூக்கு அரை மீட்டருக்கு மேல் நீண்டிருக்கிறது, அதன் மேலே படுக்கை. நேராகத் தாழ்வாரத்துக்குள் செருகிவிட்டது.

ஆகவே: கடைத்தெருவில் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். ஒரு தெரு தள்ளி, வீடுகள் இருக்கும் பக்கமோ, பூங்கா பக்கமோ நிறுத்திவிட்டு நடங்கள். வண்டியின் உயரத்தை டேப்பில் கொட்டை எழுத்தில் எழுதி, ஸ்டியரிங்குக்கு மேலே கண்ணில் படும்படி ஒட்டுங்கள். இறங்கி வழி காட்டுகிறவர் முதலில் மேலே பார்க்கட்டும், சக்கரத்தை அப்புறம் பார்க்கலாம். மரக்கிளையும் இதே கணக்குதான், காரில் உட்கார்ந்தபடியே சாப்பாடு வாங்கும் ஜன்னலும் இதே கணக்குதான். விமான நிலையத்தின் அடுக்குமாடிப் பார்க்கிங் பக்கம் திரும்பவே வேண்டாம்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, வண்டி எங்கே நின்றாலும் அவன் மாமியார்தான் முதலில் இறங்கி அண்ணாந்து பார்ப்பாராம். மழை வருமா என்று பார்க்கிறார் என ஊர்க்காரர்கள் நினைத்திருப்பார்கள்.

டீசல் மூடி, தண்ணீர் மூடி

இரண்டும் வண்டியின் வெளிப்பக்கத்தில்தான் இருக்கும். படித்துவிட்டு ஊற்றுங்கள்.

மேப் சொல்லும் நேரத்தை நம்புவது

மேப் கார்க்காரனுக்கு நேரம் சொல்கிறது. 3,500 கிலோவைத் தாண்டிய வண்டிக்கு இங்கே மணிக்கு 90 கிலோமீட்டர்தான் உச்ச வேகம், கார்களுக்குப் பெரும்பாலும் 100. மலைப்பாதையில் அந்த 90-உம் வராது. மேப் மூன்று மணி என்றால் நான் நாலரை மணி என்று எடுத்துக்கொள்வேன், சாப்பாடு தனி.

குயின்ஸ்டவுனிலிருந்து மில்ஃபோர்ட் சவுண்ட் என்ற மலை சூழ்ந்த கடற்கழிக்கு ஒரே நாளில் போய்த் திரும்புவதாக எல்லாருடைய திட்டத்திலும் எழுதியிருக்கும். போக மட்டும் 290 கிலோமீட்டர் சுமார். வழியிலுள்ள டெ அனா என்ற ஊரில் முந்தைய இரவு தங்குங்கள். அங்கிருந்து மில்ஃபோர்ட் 120 கிலோமீட்டர்தான், ஆனால் டீசலை அங்கேயே நிரப்பிக்கொண்டு கிளம்ப வேண்டும். வழியில் ஹோமர் சுரங்கம். 1935-இல் தோண்டத் தொடங்கி 1954-இல்தான் வண்டிகளுக்குத் திறந்தார்கள். ஒன்றேகால் கிலோமீட்டர், உள்ளேயே சரிவு, குகை மாதிரி கரடுமுரடான பாறைச் சுவர். வெயில் காலத்தில் சிக்னல் வைத்து ஒரு பக்கமாக மாற்றி மாற்றி விடுவார்கள். காத்திருக்கும் நேரத்தில் கியா என்ற மலைக்கிளிகள் வந்து வண்டி மேல் உட்காரும். பிள்ளைகள் பிஸ்கட் நீட்டுவார்கள். வேண்டாம். அது பிஸ்கட்டோடு நிற்காது, கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பரையும் உரிக்கும்.

பின்னால் நாலைந்து கார் சேர்ந்துவிட்டால் ஓரங்கட்டி வழி விடுங்கள். கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

ஒற்றை வழிப் பாலம்

வட்டப் பலகையில் உங்கள் பக்கத்து அம்பு சின்னதாகச் சிவப்பில் இருந்தால் நீங்கள் நிற்க வேண்டும். நீலச் சதுரத்தில் உங்கள் அம்பு பெரிதாக வெள்ளையில் இருந்தால் நீங்கள் போகலாம். போகலாம் என்றாலும் எதிரில் வருகிறவன் சுற்றுலாக்காரனா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

வண்டிக்குள் தாளிப்பது

கடுகு வெடித்து, காய்ந்த மிளகாய் கருகி, பெருங்காயம் போட்ட ஐந்தாவது நொடியில் கூரையிலிருக்கும் புகை அலாரம் அலறும். அடுப்புக்கும் அலாரத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. என் அம்மா முந்தானையை வீசி அதை அணைக்கப் பார்த்தார். அதைவிடப் பெரிய தொல்லை வாசனை. அடுப்புக்குப் பக்கத்திலேயே மெத்தை, திரைச்சீலை, தலையணை. முதல் நாள் மீன் வறுத்தால் பத்தாம் நாள் வரை மீனோடுதான் தூக்கம்.

ஹாலிடே பார்க்குகளில் (கட்டணம் கட்டி வண்டியோடு தங்கும் இடங்கள்) பொதுச் சமையலறை இருக்கும். தாளிப்பதும் வறுப்பதும் அங்கே. வண்டிக்குள் சோறு வைக்கலாம், ரசம் சூடு பண்ணலாம். குக்கர் விசிலை மட்டும் இரவு ஒன்பது மணிக்கு மேல் விட வேண்டாம். பக்கத்து வண்டிக்காரர் பதறி எழுந்து வந்து கதவைத் தட்டிய அனுபவம் உண்டு.

கரண்ட் கணக்கும் வீட்டுக் கணக்கு இல்லை. கரண்ட் உள்ள இடத்தில் கொடுக்கும் 16 ஆம்பியர் இணைப்பில் மொத்தம் 3,700 வாட் சுமார்தான் கிடைக்கும். 2,000 வாட் ஹீட்டர் ஓடும்போதே கெட்டிலையும் ரைஸ் குக்கரையும் போட்டால் ட்ரிப் ஆகிவிடும். கரண்ட் இல்லாத இடத்தில் அந்தச் சுவர் பிளக்குகள் பெரும்பாலும் வெறும் அலங்காரம்.

"அம்மா பின்னால படுத்துக்கிட்டே வரட்டும்"

கூடாது. வண்டி ஓடும்போது எல்லாரும் பெல்ட் உள்ள சீட்டில். ஏழு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்குக் குழந்தை சீட் சட்டப்படி கட்டாயம். அதை மாட்ட முடிந்த சீட்டுகள் எத்தனை என்பதை முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். ஆறு பேர் படுக்கலாம் என்பதற்கும் ஆறு பேரில் இரண்டு குழந்தைகள் உட்காரலாம் என்பதற்கும் சம்பந்தமில்லை.

எங்கே வேண்டுமானாலும் தூங்கலாம் என்ற நினைப்பு

கட்டண முகாமுக்குப் போகாமல் பொது இடத்தில் வண்டியை நிறுத்தித் தூங்குவதற்கு இங்கே ஃப்ரீடம் கேம்பிங் என்று பெயர். அந்தப் பெயரே ஆளை ஏமாற்றுகிறது. அதற்கு 2011-இலேயே தனிச் சட்டம் இருக்கிறது. 2023-இல் அதை இன்னும் இறுக்கினார்கள். வண்டியில் கழிவறை நிலையாகப் பொருத்தியிருக்க வேண்டும், அதற்குச் சான்றாகப் பச்சை அட்டை வேண்டும். அட்டை இருந்தாலும் எந்த ஏரிக்கரையில் நிறுத்தலாம், எதில் கூடாது என்பதைப் பெரும்பாலும் அந்தந்த ஊர் கவுன்சில்தான் தீர்மானிக்கும். பலகையைப் படியுங்கள். அபராதம் வந்தால் அது வாடகை நிறுவனத்துக்குப் போய், அவர்கள் தங்கள் கட்டணத்தையும் சேர்த்து உங்கள் கார்டில் எடுப்பார்கள்.

கழிவறைப் பெட்டி

இருபது லிட்டருக்கும் குறைவான ஒரு பிளாஸ்டிக் பெட்டி. ஐந்து பேருக்கு இரண்டு நாள்கூடத் தாங்காது. சிவப்பு விளக்கு எரியும்வரை காத்திருந்தால், கழற்றும்போது தளும்பும். அதைச் சொல்லி விளக்க எனக்கு விருப்பமில்லை. தினமும் காலையில், அதற்கென்று இருக்கும் டம்ப் ஸ்டேஷனில், கையுறையோடு. யார் செய்வது என்ற சண்டையை ஏர்போர்ட்டிலேயே போட்டு முடித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் நான்.

கிலோமீட்டர் பில்

இங்கே டீசலில் சாலை வரி சேர்ந்திருக்காது. ஓடின தூரத்துக்குத் தனியாக ரோட் யூசர் சார்ஜ். வண்டியைத் திருப்பித் தரும் நாளில் மீட்டரைப் பார்த்துத்தான் பல நிறுவனங்கள் அதை வசூலிக்கும். பம்பில் டீசல் மலிவாக இருக்கிறதே என்று முதல் நாள் சந்தோஷப்பட வேண்டாம்.

சேண்ட்ஃப்ளை

கடிக்கிற சின்ன ஈ. மில்ஃபோர்டில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாதீர்கள்.

திருப்பிக் கொடுக்கும் நாள்

டிப்போக்கள் நம் ஊர்க் கடை மாதிரி இரவு வரை திறந்திருக்காது, கடைசி நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டீசல் நிறைந்திருக்க வேண்டும், கழிவறைப் பெட்டியும் கழிவுநீர்த் தொட்டியும் காலியாக இருக்க வேண்டும். காலையில் மட்டும் இதற்கு இரண்டு மணி நேரம் போய்விடும், அதனால் முந்தின இரவு அந்த ஊருக்குப் பக்கத்திலேயே தங்குங்கள். எடுத்த நாளில் போனைக் கைக்கு எட்டிய உயரத்தில் தூக்கிப் பிடித்துக் கூரையின் நாலு மூலையையும் வீடியோ எடுத்திருந்தீர்களானால், இன்றைக்கு அது பேசும். அண்ணன் மகன் எடுத்திருந்தான். அவன் விஷயத்தில் அதுவும் எதிர்க்கட்சி சாட்சியாகிவிட்டது, மூலை முழுசாக இருந்தது தெளிவாகத் தெரிந்தது.

அவசரத்தில் ஃபிரிட்ஜில் தயிர் வைத்த எவர்சில்வர் தூக்கை விட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டார்கள். மறுநாள் டிப்போவுக்குப் போய் அதை வாங்கி வந்தது நான்தான். மாமியார் இன்னும் வாரம் ஒருமுறை போன் போட்டு, அது பத்திரமாக இருக்கிறதா என்று கேட்கிறார்.