பிறையும் வாற்கோதுமைக் கதிரும்: வேதாகம எபிரெய நாட்காட்டியைக் கணிக்கும் முறை

வேதாகம எபிரெய நாட்காட்டியில் நாளைச் சூரியனும், மாதத்தைச் சந்திரனும், ஆண்டின் தொடக்கத்தை இஸ்ரவேல் நாட்டு வயலில் விளையும் வாற்கோதுமையும் (பார்லி) தீர்மானிக்கின்றன. ஆகவே இதைக் கணிக்க விரும்புகிறவர் முதலில் வானத்தையும் வயலையும் பார்க்கப் பழக வேண்டும்.

நாள் சூரியன் மறையும்போது தொடங்குகிறது. இதில் சிக்கல் ஏதுமில்லை. மாதத்தைக் கணிப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். மாதத்தைக் குறிக்கும் ‘ஹோதேஷ்’ என்ற எபிரெயச் சொல் ‘புதியது’ என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. தமிழ் வேதாகமம் சில இடங்களில் இதை ‘அமாவாசி’ என்று மொழிபெயர்த்திருப்பதால், நிலவே தெரியாத இரவில் மாதம் பிறப்பதாகப் பலர் எண்ணிவிடுகிறார்கள். ஆனால் பழங்காலத்தில் சாட்சிகள் கண்டு அறிவித்தது, அமாவாசைக்குப் பின் முதன்முதலில் கண்ணுக்குத் தெரியும் மெல்லிய பிறையையே.

நடப்பு மாதத்தின் 29ஆம் நாள் முடியும் மாலையில், மேற்குத் தொடுவானம் மறைவின்றித் தெரியும் இடத்தில் நின்று, சூரியன் மறைந்தபின் அது மறைந்த இடத்துக்குச் சற்று மேலே பாருங்கள். நூலிழைபோல் வெளிறிய ஒரு வளைவு, ஒளிரும் பக்கம் சூரியனை நோக்கியபடி, சிறிது நேரமே நின்று மறையும். பிறை தெரிந்தால் அந்த மாலையே புதிய மாதத்தின் முதல் நாள் தொடங்குகிறது. தெரியாவிட்டால் நடப்பு மாதத்துக்கு 30 நாள். வசந்தத்தில் பிறை சூரியன் மறைந்த இடத்துக்கு ஏறத்தாழ நேர்மேலே நிற்கும். இலையுதிர் காலத்திலோ தெற்கே தாழ்ந்து சாய்ந்திருப்பதால், ஏழாம் மாதத்துப் பிறையைக் காண்பது கடினம். பிறை சூரியனுக்கு வடக்கிலா தெற்கிலா, எவ்வளவு உயரத்தில், எப்பக்கம் சாய்ந்திருந்தது என்று எருசலேமில் சாட்சிகளை விசாரித்ததையும், யூத அறிஞர் ரபான் கமாலியேல் பிறையின் வடிவங்களைப் பலகையில் வரைந்து வைத்துக் காட்டிக் கேட்டதையும் யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா பதிவு செய்கிறது. அந்தக் கேள்விகளுக்கான விடைகளை இன்றும் பார்த்தவுடனே குறித்துவைப்பது நல்லது.

பன்னிரண்டு பிறைகளுக்கு ஏறத்தாழ 354 நாள்களே ஆவதால், சூரிய ஆண்டைவிட 11 நாள் குறைகிறது. அதை அப்படியே விட்டால் வசந்தத்தில் வரவேண்டிய பஸ்கா பண்டிகை சில ஆண்டுகளிலேயே குளிர்காலத்துக்குப் பின்வாங்கிவிடும். இதைத் தடுப்பது வாற்கோதுமை. உபாகமம் 16:1 கைக்கொள்ளச் சொல்லும் ‘ஆபிப்’ மாதத்தின் பெயரே கதிரின் ஒரு பருவத்தைக் குறிப்பது. எகிப்தில் கல்மழை பெய்தபோது கதிர்விட்டிருந்த வாற்கோதுமை அழிந்து, பிந்தி விளையும் கோதுமை தப்பியதாக யாத்திராகமம் 9ஆம் அதிகாரம் சொல்லும் இடத்தில் அதே சொல்தான் வருகிறது. இதனாலேயே, சம இரவுபகல் நாளை மட்டும் வைத்து ஆண்டைத் தொடங்குவதைவிட, கதிரைப் பார்ப்பதே வேதாகமத்துக்கு நெருக்கமான முறை என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

பன்னிரண்டாம் மாதத்தின் இறுதியில் இஸ்ரவேலின் வயல்களில் கதிர்களை ஆராய வேண்டும். ஒரு மணியை உமி நீக்கி நகத்தால் அழுத்துங்கள். பால்போன்ற நீர் வந்தால் அது இன்னும் இளசு. பிசைந்த மாவைப்போல் நசுங்கி, கதிரின் கரும்பச்சை வெளிறி மஞ்சளோடத் தொடங்கியிருந்தால், நெருப்பில் வாட்டினாலும் மணி சுருங்கிப் போகாது. லேவியராகமம் 2:14 இத்தகைய கதிரை வாட்டிப் படைக்கச் சொல்கிறது. பஸ்காவை ஒட்டி வரும் புளிப்பில்லா அப்பப் பண்டிகையின்போது அறுவடையின் முதற்கதிர்க்கட்டைத் தேவனுக்கு முன்பாக அசைத்துப் படைக்க வேண்டியிருப்பதால், அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் அறுவடைக்கு வரக்கூடிய விளைச்சல் இருக்கிறதா என்பதே இங்கே கேள்வி. இருந்தால், அடுத்த பிறை முதல் மாதத்தின் பிறை. இல்லாவிட்டால் பதின்மூன்றாம் மாதம் சேர்த்துக் காத்திருக்க வேண்டும்.

ஒரே வயலை நம்பி முடிவு செய்யாதீர்கள், ஏனெனில் வெப்பமான யோர்தான் பள்ளத்தாக்கில் கதிர் முந்தியும் மலைநாட்டில் பிந்தியும் முற்றும். பழைய ரபிமார்கூட (யூத வேத போதகர்கள்) யூதேயா, யோர்தானுக்கு அக்கரை, கலிலேயா ஆகிய மூன்று பகுதிகளின் விளைச்சலையும் கருதினார்கள். ஆபிப், மரங்களின் கனி, சூரியனின் பருவத் திருப்பம் ஆகிய மூன்றில் இரண்டு பிந்தினால் மாதத்தைக் கூட்டினார்கள். நான்காம் நூற்றாண்டில் இரண்டாம் ஹில்லேல் வகுத்ததாக மரபு கூறும் கணித நாட்காட்டி, 19 ஆண்டுகளில் 7 முறை மாதத்தைக் கூட்டுகிறது. இன்று அச்சாகும் யூத நாட்காட்டிகள் அதையே பின்பற்றுவதால், ரபிமாரின் மரபை ஏற்காமல் வேதாகமத்தை மட்டும் பின்பற்றும் யூதப் பிரிவினரான காராயர்களில் சிலரைப்போல் பிறையும் கதிரும் பார்த்துக் கணிக்கிறவரின் பண்டிகை அவற்றிலிருந்து ஓரிரு நாள் விலகலாம். கதிர் முந்தியோ பிந்தியோ முற்றும் ஆண்டில் முழு மாதமே விலகலாம்.