பழைய பேப்பர் இருந்தால் நாற்றுப் பை வாங்க வேண்டாம்

பாகல், புடல், பீர்க்கு மூன்றுக்கும் வேரைத் தொட்டாலே பிடிக்காது. பிளாஸ்டிக் பையைக் கிழித்து எடுத்து நடும்போது பாதி வாடிவிடும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் மாடியில் இப்போது எல்லாம் பேப்பர் தொட்டிதான். அப்படியே மண்ணில் புதைத்துவிடலாம்.

தினசரித் தாளின் ஒரு பக்கத்தை நீளவாக்கில் இரண்டாக மடித்து, காபி டம்ளரைச் சுற்றி மூன்று சுற்று சுற்றுங்கள். அடியில் 5 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும். அதை உள்ளே மடக்கி, டம்ளரைத் தரையில் அழுத்தித் திருகினால் அடிப்பாகம் படிந்துவிடும். டம்ளரை உருவிக்கொள்ளலாம். பசையே தேவையில்லை, நான் முதலில் கஞ்சி தடவினேன், ராத்திரியோடு ராத்திரியாகக் கரப்பான் வந்து தின்றுவிட்டுப் போனது! வழவழப்பான வண்ணத்தாள் மட்டும் வேண்டாம், சீக்கிரம் மக்காது.

உள்ளே செம்மண், மட்கிய எரு, தேங்காய் நார்க்கழிவு சம அளவு. நார்க்கழிவை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்து போடுங்கள், உப்பு இருக்கும்.

தொட்டிகளை ஒரு தட்டில் நெருக்கி அடுக்கினால் சாயாது. ஐப்பசி மழையில் வெளியே வைத்தால் கூழாகிவிடும், திண்ணையில் வெயில் படும் இடம் போதும். வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்தால் பயப்படாதீர்கள், தண்ணீரைக் குறையுங்கள்.

நாலு இலை வந்ததும் நடலாம். பேப்பர் விளிம்பு மண்ணுக்கு மேலே தெரியக் கூடாது. தெரிந்தால் அது திரி மாதிரி ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும், வேர் காயும். மேலே இருப்பதைக் கிழித்துவிட்டு மண்ணை மூடுங்கள்.