காருக்கு ரீகால் நோட்டீஸ் வந்தால்: எதைப் படிப்பது, என்ன செய்வது?

"பாதுகாப்பு காரணமாக உங்கள் வாகனத்தைத் திரும்ப அழைக்கிறோம்" என்று ஷோரூமிலிருந்து கடிதமோ எஸ்எம்எஸ்ஸோ வந்தால் பதற வேண்டாம். உங்கள் காரில் ஒரு பாகத்தில் குறை இருக்கலாம், சோதித்துப் பார்த்துத் தேவைப்பட்டால் கம்பெனி செலவில் மாற்றித் தருகிறோம் என்பதுதான் விஷயம்.

நடந்த ஒரு ரீகாலை வைத்தே பார்ப்போம். 2023 ஜனவரியில் மாருதி சுசூகி 17,362 கார்களைத் திரும்ப அழைத்தது. ஆல்டோ கே10, எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ, பிரெஸ்ஸா, பலேனோ, கிராண்ட் விட்டாரா என ஆறு மாடல்கள். ஏர்பேக்கை விரியச் செய்யும் ஏர்பேக் கன்ட்ரோலரில் குறை இருக்கலாம் என்ற சந்தேகம்.

1. சேசிஸ் நம்பரைப் பாருங்கள்

பலேனோ வைத்திருந்த எல்லோருக்கும் அந்த நோட்டீஸ் பொருந்தவில்லை. 2022 டிசம்பர் 8 முதல் 2023 ஜனவரி 12 வரை தயாரான கார்களுக்கு மட்டும்தான். இது தயாரிப்புத் தேதி, நீங்கள் டெலிவரி எடுத்த தேதி இல்லை. பலரும் குழம்புவது இங்கேதான். அதனால் தேதியை நம்பாமல், ஒவ்வொரு காருக்கும் தனித்தனியாக இருக்கும் அடையாள எண்ணான சேசிஸ் நம்பரை நம்புங்கள். ஆர்.சி.யிலும் இன்சூரன்ஸ் பாலிசியிலும் இருக்கும். எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 17 இருக்கும். மாருதி கார் என்றால் பெரும்பாலும் எம்ஏ3 என்று தொடங்கும், அப்புறம் 14 எழுத்துகளும் எண்களும். இந்த நம்பரில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வரவே வராது. ஓ மாதிரி தெரிந்தால் அது பூஜ்ஜியம், ஐ மாதிரி தெரிந்தால் ஒன்று. கம்பெனியின் இணையதளத்தில் ரீகால் பக்கத்தைத் திறந்து இந்த நம்பரைப் போட்டால், உங்கள் கார் பட்டியலில் உண்டா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். வந்த எஸ்எம்எஸ்ஸில் இருக்கும் லிங்க்கைத் தொடாமல், முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள். ரீகாலுக்காகப் பணமோ ஓடிபியோ கேட்டால் அது மோசடி.

2. என்ன ஆகும், ஓட்டலாமா?

முழுக் கடிதத்தில் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான். அந்த ரீகாலில் சொன்னது: மிக அரிதாக, விபத்தின்போது ஏர்பேக்கும், சீட் பெல்ட்டைச் சட்டென்று இறுக்கும் ப்ரீடென்ஷனரும் வேலை செய்யாமல் போகலாம். "மிக அரிதாக" என்று படித்ததும் அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடத் தோன்றும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பிரேக் சத்தம் போட்டால் காதில் விழும். ஏர்பேக்கில் இப்படி ஒரு குறை இருந்தால், தினமும் ஓட்டும்போது எதுவுமே தெரியாமல் போகலாம், தேவைப்படும் அந்த நொடியில்தான் தெரியும். அதே அறிவிப்பில், பாகத்தை மாற்றும்வரை காரை ஓட்ட வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்கள். உங்கள் நோட்டீஸில் அப்படி ஒரு வரி இருந்தால் வண்டியை நிறுத்திவிட்டு வொர்க்‌ஷாப்புக்குப் போன் செய்து, அவர்களே வந்து எடுத்துப் போவார்களா என்று கேளுங்கள்.

3. வொர்க்‌ஷாப்பில்

வாங்கிய ஷோரூமுக்கே போக வேண்டும் என்பதில்லை, அந்தக் கம்பெனியின் எந்த அங்கீகரிக்கப்பட்ட வொர்க்‌ஷாப்பும் போதும். பாகம் கையிருப்பில் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அலைச்சல்தான். என்னென்ன வேலை என்று எழுதித் தரும் ஜாப் கார்டில் ரீகால் வேலையைத் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள், தொகை பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். கூடவே வேறு சர்வீஸ் செய்தால் அதன் பில் தனி. காரை விற்கும்போது கேட்பார்கள், ஜாப் கார்டைப் பத்திரமாக வையுங்கள்.

4. பழைய கார் வாங்கியவர்கள்

நோட்டீஸ் முதல் உரிமையாளரின் முகவரிக்கோ நம்பருக்கோ போயிருக்கும், உங்களுக்கு வந்திருக்காது. காத்திருக்காமல் நீங்களே சேசிஸ் நம்பரைப் போட்டுப் பாருங்கள். அப்படியே ஷோரூமில் உங்கள் பெயரையும் போன் நம்பரையும் மாற்றிக்கொடுத்துவிடுங்கள். அடுத்த நோட்டீஸ் நேராக உங்களுக்கே வரும்.