முதுகெலும்பு ஆராய்ச்சிக்குப் போகணுமா? காசிமேட்டில் ஆரம்பியுங்கள்

இடுப்பு வலி என்று ராயபுரத்தில் யாரிடம் சொன்னாலும் ‘ஜவ்வு விலகியிருக்கும்’ என்று உடனே பதில் வரும். ஸ்கேன் எடுத்தால் வலியே இல்லாத பலருக்கும் ஜவ்வு தேய்ந்தோ பிதுங்கியோதான் இருக்கிறது. அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்வி உறுத்தினால் மட்டும் வாருங்கள், ஏனென்றால் பிஎச்.டி. முடிக்க ஐந்து வருஷம்கூட ஆகலாம், உதவித்தொகையை வைத்து வீட்டில் பெருமை பேச முடியாது.

உள்ளே வர இரண்டு வாசல்: பிசியோதெரபி, இல்லாவிட்டால் மெக்கானிக்கல், பயோமெடிக்கல் மாதிரி இன்ஜினியரிங். ஐஐடி மெட்ராஸ் பக்கம் கண் இருந்தால் இன்ஜினியர்கள் கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதி வைப்பது நல்லது. பிசியோ ஆட்களுக்குக் கணக்கு உதைக்கும், இன்ஜினியர்களுக்கு மல்டிஃபிடஸ் என்ற முதுகுத் தசை எங்கே என்றே தெரியாது. எது உதைக்கிறதோ அதை முதலில் படியுங்கள்.

அப்புறம் ஒருநாள் விடிவதற்குள் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் போய் நில்லுங்கள். 20 கிலோ மீன் கூடையை ஒருவர் 40 செ.மீ. தள்ளிப் பிடித்துத் தூக்குகிறார் என்று வையுங்கள். முதுகுத் தசையோ டிஸ்க்கின், அதாவது அந்த ஜவ்வின், நடுவிலிருந்து சுமார் 5 செ.மீ. பின்னால் இருந்துகொண்டு இழுக்கிறது. ஆக, தசை இழுக்க வேண்டியது கூடையைப் போல எட்டு மடங்கு, அதாவது 160 கிலோ. குனிந்த உடம்பின் எடையை இன்னும் சேர்க்கவே இல்லை. கூடையை 20 செ.மீ.க்கு ஒட்டிப் பிடித்தால் கூடையின் கணக்கு பாதியாகிவிடும். இதைக் கையால் போடத் தெரியாமல் சாஃப்ட்வேரைத் திறக்காதீர்கள். ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க் நீர் ஏறி உப்பும், அதனால் எழுந்த கையோடு குனிந்தால் அதற்குச் சிரமம் அதிகம். இங்கே மூன்று மணிக்கு எழுந்து நேரே சுமைக்கு வருகிறவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள், ஆராய்ச்சிக் கேள்வி தானாக வரும்.

லேபில் முதல் பாடம் ஈஎம்ஜி, தசையின் மின் சிக்னலை அளப்பது. இடுப்புக்கு மேலே முதுகுத்தண்டின் இருபுறமும் எலெக்ட்ரோடு ஒட்டி, மெதுவாக முழுக்கக் குனியச் சொல்லுங்கள். சிக்னல் துள்ளும், கடைசியில் சட்டென்று அடங்கும், பாரத்தின் பெரும்பங்கை எலும்புகளைப் பிணைக்கும் லிகமென்ட்கள் வாங்கிக்கொள்ளும். ஃப்ளாய்ட், சில்வர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1955-லேயே இதை எழுதிவிட்டார்கள். நாள்பட்ட வலி உள்ள பலருக்கு அந்தச் சிக்னல் அடங்குவதில்லை, சுவாரஸ்யம் அங்கேதான். நான் முதலில் ஒட்டியது மே மாதம், வியர்வையில் எலெக்ட்ரோடு நழுவி அரைநாள் டேட்டா குப்பை. ஸ்பிரிட்டால் துடைத்து, மேலே டேப் போடுங்கள்.

நெறிமுறைக் குழு அனுமதி வரும்வரை யார் முதுகையும் தொடக்கூடாது. மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, ஆட்களைப் பிடிக்க வசதி என்று தோன்றும். ஆனால் அந்த 61 நாளும் விசைப்படகு கரையில், அதை நம்பியவர்களின் முதுகும் ஓய்வில். இரண்டு காலத்திலும் அளந்தால்தான் ஒப்பிட முடியும்.

கைடுக்கு மெயில் போடும்போது ‘முதுகுவலியில் ஆர்வம்’ என்று எழுதாதீர்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். காசிமேட்டில் பார்த்ததையும் போட்ட கணக்கையும் ஒரே பக்கத்தில் அனுப்புங்கள். அதற்கு முன் அவரிடம் படித்த பழைய மாணவர் ஒருவரைப் பிடித்து, தீசிஸ் முடிக்க எத்தனை வருஷம் ஆனது என்று டீ வாங்கிக் கொடுத்தாவது கேட்டுவிடுங்கள்.